ஒண்டுக்குடித்தனத்தில் ரௌட்டர்கள்

புதுவையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்து விழுப்புரம் வழியாகச் செல்கிறது. அச்சாலை மழை வெள்ளத்தால் அடைபட்டால் கடலூர் வழியாகச் செல்ல வேண்டும் என்பதை நாமறிவோம். இன்டர்நெட்டில் செல்லும் செய்திப் பொட்டலங்களுக்கும் இவ்வாறு வழி சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ? அவரே ரௌட்டர் என்பவர். அவருக்கு வேலைகள் இரண்டு. அண்டை ரௌட்டர்களோடு பேசி எந்தெந்த ஊருக்கு எது நல்ல பாதை என்று அட்டவணை போடுவது ஒன்று. வந்து விழும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அவ்வட்டவணைப்படி உரிய வாசலில் தள்ளிவிடுவது மற்றொன்று. முன்னது அறிவுக்கு வேலை. பின்னது வேகத்துக்கு வேலை.

ரௌட்டர் என்றதும் விளக்குகள் மினுக்கும் விலையுயர்ந்த பெட்டி நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தொடக்கத்தில் அது சாதாரணக் கணிப்பொறியில் ஓடிய ஒரு மென்பொருளே. 1986-ல் அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். வலையமைப்பு தொடங்கியபோது, டேவிட் மில்ஸ் எழுதிய 'ஃபஸ்பால்' என்ற மென்பொருள் சிறு கணிப்பொறிகளில் ஓடி, விநாடிக்கு 56 ஆயிரம் பிட் வேகமுள்ள கம்பிகளில் இப்பணியைச் செய்தது. அதே 1986-ல்தான் நம் நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் துறையின் 'எர்நெட்' திட்டமும் பிறந்தது, சென்னை ஐ.ஐ.டி. அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. பின்னர் வேகத்தின் தேவை பெருகவே, தனிச் சில்லுகள் பொருத்திய மூடிய பெட்டிகள் வந்தன. அவற்றைத் திறந்து புதிய யோசனையொன்றை உள்ளே வைத்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.

இக்குறையைப் போக்க, எம்.ஐ.டி.யில் எட்டி கோலர் முதலியோர் 1999-ல் 'கிளிக்' என்ற மென்பொருள் ரௌட்டரை வெளியிட்டனர். சிறு சிறு உறுப்புகளை மாலை போலக் கோத்து ரௌட்டர் செய்து கொள்ளும் முறை அது. பாதை தேரும் பணிக்கு 'எக்சார்ப்' போன்ற மென்பொருள்கள் பின்னர் வந்தன. சரி, ரௌட்டர் கிடைத்துவிட்டது. அதை ஓட்டிப் பார்க்க ஊர் ஊராகக் கணிப்பொறி வேண்டுமே? 2002-ல் தொடங்கிய 'பிளானட்லேப்' அதற்கு விடையளித்தது. பல்கலைக்கழகங்கள் தத்தம் இடத்தில் ஓரிரு கணிப்பொறிகளை வைத்துக் கொடுத்து, எல்லாருடையதையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் உலகெங்கும் சேர்ந்தன. ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் எல்லா இயந்திரங்களிலும் ஒரு 'ஸ்லைஸ்', அதாவது ஒரு துண்டு, கிடைத்தது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பிளானட்லேப் இயந்திரம் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. அறை தனித்தனி, ஆனால் கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. கணிப்பொறியில் அந்தப் பொதுக் கிணறு 'கெர்னல்' எனப்படும் மையப் பகுதி. பாதை அட்டவணை இருப்பது அதனுள். ஒரு குடித்தனக்காரர் தம் ஆராய்ச்சிக்காக அட்டவணையை மாற்றினால் பக்கத்து அறைக்காரரின் பொட்டலங்களும் திசைமாறிப் போகும். ஆகவே அதைத் தொட எவருக்கும் அனுமதியில்லை. அட்டவணையைத் தொடாத ரௌட்டர் என்ன ரௌட்டர்!

பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஆண்டி பேவியர், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டு, லாரி பீட்டர்சன் முதலிய ஐவர் 2006-ல் இதற்கு ஒரு தந்திரம் கண்டனர். 'வினி' என்பது அதன் பெயர். அறைக்குள்ளேயே ஒரு பொய்க் கெர்னலை எழுப்பி, அதனுள் எக்சார்ப்பைக் குடிவைத்தனர். பொட்டலம் தள்ளும் வேலையைக் கிளிக்கிடம் விட்டனர். ஊருக்கு ஊர் போகும் கம்பிக்குப் பதிலாக, ஒரு பொட்டலத்தை இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பும் சுரங்கங்களை அமைத்தனர். பின்பு அமெரிக்காவில் அப்போதிருந்த 'அபிலீன்' வலையமைப்பின் 11 ரௌட்டர்களையும் அதே வடிவில் நகலெடுத்து, டென்வருக்கும் கன்சாஸ் சிட்டிக்கும் இடையிலான இணைப்பை வேண்டுமென்றே அறுத்தனர். வாஷிங்டனிலிருந்து சியாட்டிலுக்கு அவ்வழியே சென்றுகொண்டிருந்த பொட்டலங்கள் சற்றுத் தடுமாறின. பிறகு அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று தெற்கே சுற்றிப் போய்ச் சேர்ந்தன. விழுப்புரம் சாலை அடைபட்டுக் கடலூர் வழி சென்ற கதைதான்! (அவர்கள் கட்டுரைக்கு இட்ட தலைப்பு, 'மதுவில் உண்மை வெளிப்படும்' என்ற லத்தீன் பழமொழியின் மீதான சிலேடை. நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.)

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. பகிர்ந்த இயந்திரத்தில் எடுத்த அளவை நம்பலாமா என்ற கேள்விதான் அது. பக்கத்து அறையில் யாரோ பெரிய கணக்கொன்றைப் போட்டால் நம் ரௌட்டர் காத்துக் கிடக்கும். பிறகு, 'என் யோசனை மெதுவானது' என்று முடிவு கட்டிவிடுவோம். பழி யோசனைக்கு, குற்றம் அண்டை வீட்டாருக்கு! விநாடிக்கு 90 மெகாபிட் அளவில் செல்லக்கூடிய பாதையில், சாதாரண பிளானட்லேப் அறையிலிருந்த ரௌட்டர் 22 அளவே தள்ளியது. சி.பி.யு. நேரத்தில் கால் பங்கை அதற்கென ஒதுக்கி, முன்னுரிமையும் தந்தபோது 86 வரை எட்டியது. ரௌட்டரின் நிரல் மாறவில்லை. முறை வைத்துத் தண்ணீர் இறைக்க இடம் கிடைத்தது, அவ்வளவே.

பிளானட்லேப் 2020-ல் மூடப்பட்டது. எனினும், லினக்ஸ் கெர்னலே இப்போது 'நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்' என்ற வசதியால் ஒவ்வொரு அறைக்கும் தனி அட்டவணை தருகிறது; பொய்க் கெர்னல் தேவையில்லை. 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த 'மினிநெட்' இவ்வசதியைக் கொண்டு ஒரே கணிப்பொறிக்குள் ஒரு வலையமைப்பையே எழுப்புகிறது. 'எஃப்.ஆர்.ரௌட்டிங்' என்ற ரௌட்டர் மென்பொருளும் இலவசம்.

நாம் ஓ.எஸ்.பி.எஃப். என்ற பாதை தேரும் முறையைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆயினும் ஓர் இணைப்பு அறும்போது அது மறுபாதை தேடுவதைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? அதைக் காண ரௌட்டர் பெட்டிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நான்கு ஜி.பி. நினைவகமுள்ள ஒரு கணிப்பொறியில் அந்த 11 ரௌட்டர்களையும் ஏற்றலாம். சியாட்டிலுக்குப் பதில் திருச்சி என்று பெயரிட்டாலும் அவை ஆட்சேபிக்கப் போவதில்லை. இணைப்பை அறுக்க ஒரு வரிக் கட்டளை போதும். பாதை மாறுவதை மட்டும் பார்ப்பதானால் எந்த நேரத்திலும் செய்யலாம். வேகத்தை அளப்பதானால் அதே இயந்திரத்தில் வேறெதுவும் ஓடாதபோது, பலமுறை திரும்பத் திரும்ப அளந்து, எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதையும் சேர்த்தே ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.