பெயர் மாறிய பெருமான்

நம் கெங்கவல்லிப் பகுதியினர் தலைவாசலை அடுத்த தியாகனூரை நன்கறிவர். அங்கே தியானக் கோலத்தில் அமர்ந்த பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உள. பௌத்தம் இந்நாட்டில் மங்கிய பின்னரும் ஊரார் அவற்றைக் கைகூப்பித் தொழுகின்றனர்.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பெற்ற சிலையும் புத்தருடையதே எனத் தொல்லியல் துறை ஆராய்ந்து கூறிற்று. 2022-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்று, சிலையை அத்துறையிடம் ஒப்படைத்துப் பூசைகளையும் விலக்கிற்று.

தலைமுறை தலைமுறையாகப் பொங்கலிட்டோர் உள்ளம் வருந்துதல் இயல்பே. உண்மையை ஏற்போம், ஆயினும் பெயரறியாமலே சிலையைக் காத்தது அவர்தம் பக்தியன்றோ?

உழவர் பெருமக்களே! ஏர்முனையில் பழஞ்சிலை தட்டுப்படின் அதனைப் பெயர்க்காது, வட்டாட்சியருக்கு உடனே அறிவிப்பீராக. நிலம் நமதாயினும் வரலாறு அனைவர்க்கும் பொது.