ஆமைக்கறியும் தாய்ப்பாலும்

ஒவ்வொரு ஊருக்கும் அதன் காடும் கடலும் தந்த இறைச்சி உண்டு. வன்னியின் காட்டோரக் கிராமங்களில் மரை இறைச்சியை உப்பிட்டு வெயிலில் காயவைத்து வத்தலாக்கினார்கள். வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதனுள் இறைச்சியை இட்டு, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைத்ததை றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தனது நூலில் எழுதியிருக்கிறார். எமது கரையோரங்களில் அப்படியான ஊர்ச்சுவையாக இருந்தது கடலாமை இறைச்சி.

மீனுக்கு விரித்த வலையில் ஆமையும் சிக்கும். ஒரு பெரிய ஆமையின் இறைச்சி வீட்டுக்கு மட்டுமல்ல, அயலுக்கும் போதும். யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்துத் துண்டு துண்டாக வெட்டி விற்றதை எமேர்சன் ரெனன்ற் 1861இல் பதிவு செய்துள்ளார். ஆமை இரத்தம் மருந்து என்ற நம்பிக்கையும் கரையோரங்களில் இருந்தது. இடப்பெயர்விலும் வருமானமில்லாத நாட்களிலும் கிடைத்ததைச் சமைத்துப் பிள்ளைகளின் பசியாற்றிய தாய்மாருக்கு, கைக்கு வந்த இறைச்சியை வேண்டாமென்று சொல்வது இலகுவல்ல. ஆனால் இதை வேண்டாமென்றே சொல்லவேண்டும்.

காரணம், சில வேளைகளில் இந்த இறைச்சி நஞ்சாகிவிடுகிறது. 1840 ஒக்ரோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேரில் 18 பேர் அன்றிரவே இறந்ததையும் ரெனன்ற் குறிப்பிடுகிறார். 2024 மார்ச்சில் சன்சிபாரைச் சேர்ந்த பெம்பாப் பகுதியில் 8 பிள்ளைகளும் வளர்ந்தவர் ஒருவரும் இறந்தார்கள். ஆமை உண்ணும் கடற்பாசி முதலியவற்றிலிருந்து நஞ்சு அதன் உடலில் சேர்வதாகக் கருதப்படுகிறது. அழுங்காமை இதில் மிகவும் ஆபத்தானது. ஆயினும் பேராமையும் நம்பத்தக்கதல்ல.

நஞ்சுள்ள இறைச்சி பார்வையிலோ மணத்திலோ சுவையிலோ வேறுபடாது. அவித்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் நஞ்சு போகாது. ஈரலைக் காகத்துக்குப் போட்டுப் பார்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. நஞ்சின் குணம் தெரியச் சில மணித்தியாலங்களும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். காகம் தின்றதே என்று நம்பிச் சமைக்க முடியாது.

பெண்களாகிய நாம் முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. இந்த நஞ்சு தாய்ப்பாலினூடாகக் குழந்தைக்குச் செல்லும். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத நிலையிலும் பால்குடிக் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வாயிலும் தொண்டையிலும் எரிவு, நாக்கில் புண், விழுங்க முடியாமை, தூக்கமயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு மாற்று மருந்து இல்லை. எனவே கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆமை இறைச்சி உண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அதே சட்டியில் உண்ட அனைவரையும் கூட்டிச் செல்லுங்கள். பாலூட்டும் தாயானால், வைத்தியரைக் கேட்காமல் குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டாம்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. எமது கடலுக்கு வரும் 5 இனக் கடலாமைகளும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வதும், இறைச்சியையோ முட்டையையோ விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வலையில் உயிரோடு சிக்கிய ஆமையைக் கடலிலேயே விட்டுவிடும்படி வீட்டு ஆண்களுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு எமது அம்மம்மாமார் கொடுத்த பாற்சுறா வறை இருக்கிறது. சிறிய சுறாவை மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்து, நீரைப் பிழிந்துவிடுங்கள். தேங்காய்ப்பூ, உள்ளி, மிளகு, சீரகம் சேர்த்துச் சிறு நெருப்பில் வறுத்தெடுங்கள். பெரிய சுறாவில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. சுறா கிடைக்காவிட்டால் நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களும், வேலியோர முருங்கையிலையும், வளவில் வளரும் கோழியின் முட்டையும் போதும். மலிவான இந்தச் சாப்பாடு தாய்க்கும் பிள்ளைக்கும் சத்தைத் தரும், உயிருக்கு உலை வைக்காது.