குட்டையின் கணக்கு யார் கையில்?

கடல் தாண்டும் சிறுதொழில் – 9

சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளையிலும், வெள்ளாற்றின் மறுகரையில் பரங்கிப்பேட்டைப் பக்கமும் வளரும் வனாமி இறாலில் பெரும்பகுதி நம் சந்தைகளுக்கு வருவதில்லை; ஐஸில் புதைந்து ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் போய்விடுகிறது. 2024-25இல் இந்தியா 62,408 கோடி ரூபாய்க்குக் கடல் உணவு ஏற்றுமதி செய்தது. அந்த டாலர் வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால். இவ்வளவு பெரிய வணிகத்தைத் தாங்கி நிற்பவர்கள் சில ஏக்கர் குட்டை வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்கள். டிஜிட்டல் மாற்றம் இவர்களை உலகப் போட்டியில் நிறுத்துமா என்று கேட்டால், பலரும் செயலியையும் விலைப் பட்டியலையும் பற்றியே பேசுகிறார்கள். விலை தெரிவதைவிட, தன் சரக்கு சுத்தமானது என்று நிரூபிக்க முடிவதுதான் பெரிது என்பது என் வாதம்.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். ஈக்வடாரின் பெரிய பண்ணைகளில் தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கியிருக்கிறார்கள். இறால் தீவனத்தைக் கடிக்கும் சத்தம் கேட்கும்வரை இயந்திரம் தீவனத்தை வீசும். சத்தம் அடங்கினால் நிறுத்திவிடும். நம் குட்டைகளில் அந்த வேலையைச் செக் ட்ரே செய்கிறது. தட்டில் கொஞ்சம் தீவனம் வைத்துத் தண்ணீரில் இறக்குவார்கள். பிறகு அதைத் தூக்கி, மிச்சம் எவ்வளவு, இறாலின் குடல் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து அடுத்த வேளையின் அளவை முடிவு செய்வார்கள். உற்பத்திச் செலவில் ஏறக்குறைய பாதி தீவனத்துக்கே போவதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும், இரவு பகலாகக் குட்டையருகே கிடக்கும் மனிதரின் கவனம் அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். நிரூபணத்தில் அப்படித் தனியாளாக ஈடுகட்ட வழியில்லை.

குளோராம்பெனிகால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்கூட ஐரோப்பாவில் சரக்கு நிராகரிக்கப்படலாம். இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் பத்து சதவீதத்தை அங்கே சோதித்துவந்தவர்கள், 2016இல் அதை ஐம்பது சதவீதமாக உயர்த்தினார்கள். அமெரிக்காவும் 2018 இறுதியிலிருந்து, இறால் எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்ற பதிவைக் கேட்கிறது. அதே ஆண்டு ஈக்வடாரின் சில பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, குட்டையிலிருந்து கடை வரை சரக்கின் பயணத்தைப் பிளாக்செயினில் பதியும் வேலையில் இறங்கின. இங்கேயோ இறாலை வாங்கும் ஏஜென்ட்டின் வண்டியில் நாலைந்து குட்டைகளின் இறால் ஒரே ஐஸுக்குள் கலந்துவிடுகிறது. ஒருவர் மருந்து போட்டிருந்தால், போடாதவரின் சரக்குக்கும் அதே கதி. ஒழுங்காக வளர்த்தவரைப் பிரித்துக் காட்ட ஒரு வழி வேண்டும். கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பண்ணைப் பதிவும், அறுவடைக்கு முந்தைய மருந்துச் சோதனையும் அதற்குத்தான். ஆனால் ஒரு குட்டைக்கும் நூறு குட்டைக்கும் எழுத வேண்டிய கணக்கின் வகை ஒன்றே. பெரிய நிறுவனத்துக்கு ஒரு கிலோவுக்குச் சில காசுகளாகக் கரைந்துவிடும் அந்தச் செலவு, சிறியவருக்குச் சுமை.

அரசின் இணையச் சந்தையே இதைத் தீர்க்காதா என்று கேட்கலாம். 2021 ஏப்ரலில் வந்த இ-சாண்டா தளம் பண்ணையாளரையும் ஏற்றுமதியாளரையும் நேராக இணைக்கவே தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் குஞ்சையும் தீவனத்தையும் கடனுக்கு வாங்கி இறக்கியவர், 40 கவுண்ட் (கிலோவுக்கு நாற்பது நிற்கும்) இறாலுக்கு வெளியே என்ன விலை என்று போனில் பார்த்தாலும், கடன் கொடுத்த ஏஜென்ட் சொன்ன விலைக்கே பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தளம் ஏஜென்ட்டின் கமிஷனைத் தவிர்க்கலாம். அவர் போட்ட முதலைத் தருவதில்லை. அதனால்தான் பதிவேடு முக்கியமாகிறது. எத்தனை குஞ்சு விட்டார், எவ்வளவு தீவனம் போட்டார், எத்தனை டன் எடுத்தார் என்ற மூன்று நான்கு பட்டங்களின் கணக்கு கையில் இருந்தால், வங்கி அதை வைத்துக் கடன் கொடுக்க முடியும். அதே கணக்கு கம்பெனியின் கணினியில் மட்டும் இருந்தால், சுத்தமான சரக்குக்குக் கிடைக்கும் கூடுதல் விலையும் அங்கேயே தங்கிவிடும்.

இதைத் தனியாள் செய்ய முடியாது, சங்கம் செய்யலாம். 2007இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய நிலைத்த மீன்வளர்ப்பு மையம், நோய்த் தடுப்புக்காகச் சிறு பண்ணையாளர்களைக் கிராமச் சங்கங்களாகத் திரட்டியது. ஒரே நாளில் குஞ்சு விடுவது, ஒரே இடத்தில் தண்ணீரைச் சோதிப்பது என்று வளர்ந்த அந்த வழக்கத்தோடு பதிவேட்டையும் சேர்த்துவிடலாம். சங்கத்துக்கு ஒரு படித்த இளைஞர் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும்போது, அதற்கான பயிற்சிக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, எத்தனை பதிவு வைத்திருந்து என்ன பயன் என்ற குரல் எழுந்தது. நியாயமான கேள்வி. வரியை எந்தப் பதிவேடும் குறைக்காது. ஆனால் ஒரு சந்தை அடைபட்டால் வேறு சந்தைக்குத் திரும்ப வேண்டும். அங்கே கதவைத் திறப்பது நிரூபணம்தான். அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியம் மேலும் 102 இந்திய ஆலைகளுக்கு அனுமதி தந்தது. அந்த ஆலைகளுக்குத் தேவை, எங்கே வளர்ந்தது என்று சொல்லக்கூடிய இறால்.

இதில் எனக்குப் பெரிதும் கவலை தருவது குத்தகைக் குட்டைகள். கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தின் பதிவு நில உரிமையாளர் பெயரில் இருக்க, வளர்ப்பவர் வேறொருவராக இருந்தால், அவர் உழைப்பின் சான்று அவர் பெயரில் சேராது. பதிவே இல்லாத குட்டையை நம்பி இருப்பவரின் நிலை இன்னும் மோசம். டிஜிட்டல் வசதிக்குச் செலவிடும் முன், வளர்ப்பவர் பெயரில் பதிவு கிடைக்க வழி செய்ய வேண்டும்.

(அடுத்த வாரம்: பண்ருட்டி முந்திரியும் வியட்நாம் இயந்திரங்களும்)