முத்திரையிட்ட நீர்

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ரயிலில் போகிறவர்களுக்கு, ஜன்னலைச் சாத்தியிருந்தாலும்கூட, ஊர் நெருங்கிவிட்டது என்பதை மூக்கே அறிவித்துவிடும் காலம் ஒன்று இருந்தது. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் உப்பும் கலந்த அந்த வாடையை ஒரு தடவை மோந்தவர் எவரும், பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று சந்தேகம் கேட்கமாட்டார். ஆனால் நியாயஸ்தலம் மூக்கை நம்புவதில்லை. ஊரெல்லாம் அறிந்த விஷயமாயினும், அது ஒரு பாட்டிலாகவும், பாட்டிலின் கழுத்தில் கட்டிய சீட்டாகவும், சீட்டின்மேல் இட்ட கையொப்பமாகவும் மாறி நீதிபதியின் முன் வந்து நின்றால்தான் சாட்சியம். இல்லையேல் அது வெறும் ஊர்ப்பேச்சு. அந்த ரூபமாற்றத்தை நிகழ்த்துகிற உத்தியோகஸ்தரைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகமாக எழுதியதில்லை. அவர் ஆற்றங்கரையில் நிற்பது சில நிமிஷம். மீதிக் காலமெல்லாம் கோப்புக்குள்ளேயே கழிகிறது என்பது அதற்குக் காரணமாயிருக்கலாம்.

சில தேசங்களில் அவருக்குச் சுற்றுச்சூழல் அமலாக்க வழக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற தனிப் பதவியும் தனி நாற்காலியும் உண்டு. நம் மாநிலத்தில், 1982 பிப்ரவரி 27-ஆம் தேதி அமைக்கப்பட்ட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில், அந்த வேலை முழுவதும் ஒரே தலையில் இறங்காமல், மாதிரி எடுக்கிற உதவிப் பொறியாளர், அவருடைய அறிக்கையைப் பார்க்கிற மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆய்வுக்கூடத்து ரசாயனி, சட்டப் பிரிவு, வாரியத்தின் வக்கீல் என்று பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. ஆயினும் எந்தக் காகிதம் எந்த மேஜையில் நின்றுபோயிற்று, எந்த நோட்டீஸுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒருவர் இல்லாவிட்டால் வழக்கு நடவாது. பதவியின் பெயர் எதுவாயினும், வழக்கைக் கட்டுகிறவர் அவரே.

1974-ஆம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரக்கூடும். அத்தனை சடங்கு அதில் அடங்கியிருக்கிறது. ஆலையின் கழிவுநீரை மொண்டெடுக்கிற அதிகாரி, அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று ஆலைக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ அங்கேயே, அப்போதே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீரை இரண்டு பங்காகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பங்கையும் தனித்தனிப் பாத்திரத்தில் அடைத்து, அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையொப்பமிடவேண்டும். ஒரு பங்கு வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கும், ஆலைக்காரர் கேட்டுக்கொண்டால் மற்றொரு பங்கு அதற்கென்று சட்டம் குறித்த ஆய்வுக்கூடத்துக்கும் போகவேண்டும். ஆலைக்காரர் வேண்டுமென்றே வராமல் ஒளிந்துகொண்டால், அதிகாரி தாமே முத்திரையிட்டுக் கையொப்பமிட்டு, அவர் ஒளிந்துகொண்ட விஷயத்தையும் எழுத்தில் தெரிவித்து அனுப்பவேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால்தான் அந்தப் பகுப்பாய்வின் முடிவை நியாயஸ்தலம் கண்ணெடுத்துப் பார்க்கும் என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது.

இதை ஓர் அதிகாலையில் வைத்து எண்ணிப் பாருங்கள். மணி ஐந்து, முந்தின இரவு மழை, மழையோடு மழையாக எவரோ தொட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று கிராமத்திலிருந்து டெலிபோன். உதவிப் பொறியாளர் ஜீப்பை விட்டு இறங்கும்போது நீலப் பச்சையாக ஒரு நீர்க்கோடு வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் கையில் பாட்டில் இருக்கிறது, அரக்கு இருக்கிறது, நோட்டீஸ் புத்தகமும் இருக்கிறது. ஆனால் ஆலையின் வாசலில் இருப்பவர் இரவுக் காவலாளி ஒருவர் மட்டுமே. "முதலாளி ஊர்ல இல்லீங்க சார், மேனேஜர் எட்டு மணிக்குத்தான் வருவாரு" என்கிறார் அவர். காவலாளி சட்டத்தின் பார்வையில் ஆலைக்காரரின் பிரதிநிதியா? முதலாளி ஊரில் இல்லாதது வேண்டுமென்றே செய்த காரியமா? எட்டு மணி வரையில் காத்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் இருக்குமா? மூன்று கேள்விகளுக்கும் அந்த நிமிஷமே விடை சொல்லியாக வேண்டும். சொல்லுகிற விடை சரியா தப்பா என்பதை, மூன்று வருஷம் கழித்து, நிழலில் உட்கார்ந்துகொண்டு வேறொருவர் தீர்மானிப்பார்.

பாட்டில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் அவசரம் தீரவில்லை. நீரிலுள்ள அங்ககப் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்று அளக்கிற சோதனைக்கு, மாதிரியைக் குளிர்ச்சியில் வைத்துத் தாமதமின்றி ஆய்வுக்கூடம் சேர்க்கவேண்டும். அங்கே அது 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் இருக்கும். குரோமியம் பார்க்கவேண்டிய பங்கிலோ கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு வைக்கவேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு வகுத்த எல்லை, முதல் சோதனையில் லிட்டருக்கு 30 மில்லிகிராம். மொத்த குரோமியம் 2 மில்லிகிராம். கரைந்த உப்புக்கள் 2,100 மில்லிகிராம். ஜீப் வழியில் பஞ்சராகி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிந்துவிட்டால், எண்களைப் பற்றிப் பேசாமல் வெயிலைப் பற்றியே அவர் ஒரு மணி நேரம் பேசுவார். ஆகையால் பாட்டில் எத்தனை மணிக்கு யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற சரித்திரமும் கோப்பில் ஏறவேண்டும். ஆய்வாளர் தம் அறிக்கையை மூன்று பிரதிகளாகக் கொடுக்கிறார்: ஆலைக்காரருக்கு ஒன்று, நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒன்று, வாரியத்தின் கையிருப்புக்கு ஒன்று.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தில்லி பாட்லிங் கம்பெனி வழக்கை நினைத்துக்கொள்வது நல்லது. 1980-களில் நடந்த அந்த வழக்கில், கழிவுநீர் மாதிரி சட்டம் விதித்த வழியில் பகுக்கப்படவில்லை என்ற காரணத்தால், அதன் முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தில்லி உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீர் சுத்தமாயிருந்தது என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை. பாட்டில் நடந்த பாதைதான் பிசகிப்போயிற்று.

நீர் யாருடையது என்பது அடுத்த விவகாரம். தோல் பதனிடுவதில் ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய அடையாளத்தை நீரில் விட்டுச் செல்கிறது. கெடாமலிருக்க உப்பிட்டு வைத்த தோலை ஊறவைத்தால் உப்பு, மயிர் நீக்கச் சுண்ணாம்பில் போட்டால் சுண்ணாம்பும் கந்தகமும், பதனிட்டால் குரோமியம். ஆனால் ஒரே வாய்க்காலில் பத்து ஆலைகள் விடுமிடத்தில், வாய்க்காலின் கடைசியில் எடுத்த மாதிரி பத்துப் பேரையும் ஒருங்கே குற்றஞ்சாட்டுவதாலேயே ஒருவரையும் பிடிக்காமல் விட்டுவிடும். இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் ஆலைக்குள் இருக்கிற மின்சார மீட்டரைப் பார்க்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கென்று தனி மீட்டர் வைத்திருக்கிற ஆலையில், உள்ளே வந்த தண்ணீர் இவ்வளவு, பதனிட்ட தோல் இவ்வளவு என்று கணக்குப் புத்தகம் சொல்ல, சுத்திகரிக்கும் யந்திரம் மட்டும் அந்த மாதம் ஏறக்குறைய மின்சாரமே குடிக்கவில்லை என்று மீட்டர் சொல்லுமானால், அந்த முரண்பாட்டுக்கு ஆலைக்காரர் சமாதானம் தேடியாக வேண்டும். ஒரு மனிதரின் பொய்யை அவருடைய மீட்டரைக் கொண்டே பிடிப்பதில் ஒரு ரசம் இருக்கத்தான் செய்கிறது.

பெயரில் வருகிற இடர்ப்பாடு இன்னும் நூதனமானது. பலகையில் ஒரு பெயர், வாரியம் தந்த இசைவாணையில் ஒரு பெயர், மின்சார இணைப்பில் காலஞ்சென்ற தகப்பனார் பெயர், நடத்துகிறவரோ குத்தகைக்காரர். யார்மீது வழக்கு? உத்தரப் பிரதேசத்து மோதி நகரில், காளி நதிக்குக் கழிவை விட்ட சாராய ஆலையின்மீது அந்த மாநில வாரியம் தொடுத்த வழக்கில், கம்பெனியின் பெயரான மோதி இண்டஸ்ட்ரீஸ் என்பதை விட்டுவிட்டு, ஆலையின் பெயரான மோதி டிஸ்டில்லரி என்று மட்டும் எழுதிவிட்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு அலகாபாத் உயர்நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. 1987-இல் உச்சநீதிமன்றம், திருத்திக்கொள்ளக்கூடிய பிசகுக்காகக் குற்றவாளிகளை விட்டுவிடலாகாது என்று அதை உயிர்ப்பித்தது. வாரியம் பிழைத்தது, ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சொல் விட்டுப்போனதற்காகத் தில்லி வரை போகவேண்டியதாயிற்று.

நீர்ச் சட்டத்துக்கு 1988-இல் வந்த திருத்தம் வாரியத்தின் கையில் 33-அ என்ற பிரிவைக் கொடுத்தது. அதற்கு முன்னால், ஆலையைத் தடுத்து நிறுத்த மாஜிஸ்டிரேட்டிடம் போய் நிற்கவேண்டியிருந்த வாரியம், அதன் பிறகு தானே மூடும்படி உத்தரவிடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கும்படி சொல்லவும் அதிகாரம் பெற்றது. கிரிமினல் வழக்கு பத்து வருஷம் நடந்தாலும் சலனமடையாத ஆலைக்காரர், லைன்மேன் கம்பத்தில் ஏறுவதைக் கண்டால் அரைமணியில் அலுவலகம் வந்துவிடுவார் என்பது இத்துறையில் யாவரும் அறிந்த விஷயம். ஆனால் இந்த ஆயுதத்தைப் பற்றி எனக்கு முழு நிம்மதி கிடையாது. நொய்யல் ஆறு சாயநீரானதை ஒட்டி, 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அந்த உத்தரவு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை; அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் உழவர்களுக்குச் செய்த கேட்டைப் பார்த்தவர் எவரும் வேறு அபிப்பிராயம் கொள்ளமாட்டார். ஆயினும் வார முடிவில் கூலி எதிர்பார்த்து நின்றவர்கள் அந்தத் தொட்டிகளைத் திறந்துவிட்டவர்கள் அல்லர். கோப்பில் அவர்களுக்கென்று ஒரு பத்திகூட இல்லை.

இப்போது அபராதத்துக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது. மத்திய வாரியம் வகுத்த சூத்திரத்தின்படி, தொழிலின் மாசுத் தன்மைக்கு ஓர் எண், விதிமீறிய நாட்கள், ஒரு ரூபாய் விகிதம், ஆலையின் அளவு, ஊரின் ஜனத்தொகை ஆகிய ஐந்தையும் பெருக்கினால் சுற்றுச்சூழல் இழப்பீடு வருகிறது. மாசு மிகுந்ததென்று வகுத்த சிவப்பு வகையைச் சேர்ந்த சிறிய தோல் ஆலைக்கு, 80 என்ற எண்ணை 250 ரூபாயாலும் அரையாலும் பெருக்கினால், சிற்றூரில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இந்தப் பெருக்கலில் நான்கு எண்களை அட்டவணை கொடுத்துவிடும். நாட்களின் எண்ணிக்கையைக் கொடுப்பது கோப்பு மட்டுமே. குற்றம் முதலில் கண்ட தேதியும், அது சீரானதை மறுபடி நேரில் போய்ப் பார்த்த தேதியும் இல்லாவிட்டால் சூத்திரம் ஊமையாகிவிடும். நேரில் போவதற்கு ஜீப்பில் டீசல் இல்லை என்பதை எந்த அட்டவணையிலும் எழுத இடமில்லை.

நீர்ச் சட்டத்தின் 2024-ஆம் வருஷத்துத் திருத்தம் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறது. சிறைக்குப் போனவர்களை நாம் அதிகம் பார்த்ததில்லையாதலால், நஷ்டம் பெரிதல்ல என்று சொல்வோரும் உண்டு. சிறை என்ற சொல்லின் பயம் ஒன்றாவது இருந்ததே என்பது என் கட்சி.

பாலாற்றுக்கே திரும்புகிறேன். 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தில் கொடுத்த மனுவுக்கு, 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற தத்துவத்தை இந்நாட்டுச் சட்டமாக ஆக்கியதற்காகச் சட்டக் கல்லூரிகளில் போற்றப்படுகிறது. நான் அதைப் படித்தபோது என் கண் வேறிடத்தில் நின்றது. ஐந்து மாவட்டங்களில் 584 தோல் ஆலைகள். அவற்றில் இசைவாணை கேட்டவை 443. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கண்டபடி, பயிருக்குப் பாதியோ முழுதோ உதவாமற்போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் கெட்டவை 350. தத்துவத்தை நீதிபதி அருளினார். இந்த எண்களையோ, வெயிலில் கிணறு கிணறாக எட்டிப்பார்த்தும், அலுவலகத்தில் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எண்ணியும், பெயர் தெரியாத எவரெவரோ கொடுத்தார்கள். எண்கள் இல்லாத தத்துவம் அந்த ஆலைகள் ஒவ்வொன்றின்மீதும் 10,000 ரூபாய் அபராதம் விதித்திருக்க முடியாது.

தீர்ப்பை ஒட்டி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோர் என்று கண்டு, சுமார் 26.82 கோடி ரூபாயைப் பங்கிடச் சொன்னது. கெட்ட நிலத்துக்கும் கெட்ட கிணற்றுக்கும் தலைக்குச் சராசரி பத்தாயிரத்துக்கும் குறைவு. அதுவும் எல்லார் கைக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்து, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

ஆகவே பழைய பட்டியல் ஏதோ ஒரு மேஜைக்குத் திரும்பி வந்திருக்கும். இருபத்துநான்கு வருஷத்தில் பட்டா பெயர் மாறாத நிலம் அபூர்வம். சர்வே எண் உட்பிரிவாகியிருக்கும், தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் மூன்று பிள்ளைகளும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். வாரிசுச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதி, பதில் வராமல் நினைவூட்டி, சிவப்பு மையால் ஒரு டிக் போட்டு, அடுத்த பெயருக்கு விரலை நகர்த்திக்கொண்டிருப்பார் அந்த மேஜைக்காரர்.