பிடித்தது பிழை, எடுத்தது செல்லும்

நிலாவெளியைத் தாண்டி வடக்கே போனால் களப்பும் பாலமுமாக வருகிறது இறக்கக்கண்டி. கடலை நம்பிய ஊர். இங்கே ஒருவரைப் "பிடிச்சிட்டாங்களாம்" என்று சேதி வந்தால் வீட்டார் முதலில் கேட்பது, "எந்தப் பொலிஸ்?" என்பதைத்தான். அடுத்துக் கேட்க வேண்டியதைப் பதற்றத்தில் மறந்துவிடுகிறோம்: என்ன காரணம் சொன்னார்கள்?

பின்னால் வரும் முழு வழக்கும் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியே கைது செய்ய வேண்டும், கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. "சும்மா ஒரு வாக்குமூலம் எடுக்கத்தான், வாங்க" என்பது காரணம் ஆகாது.

நம் திருகோணமலை மாவட்டத்திலேயே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூரில் 2024 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போரில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைப் பிடித்தார்கள். மூதூர் நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் முன்கூட்டியே தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். ஆனால் நால்வர் மீதும் பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். பகைமையையும் வன்முறையையும் தூண்டுவோரைத் தண்டிப்பது அதன் 3ஆம் பிரிவு. அரிசிக் கஞ்சி யார் மீது யாரைத் தூண்டியது? இரவில் வீட்டிலிருந்து பெண்ணை இழுத்துப்போகும் காணொளியை நாடே பார்த்தது.

இந்தச் சட்டம் வந்த வடிவில் நீதவான் பிணை கொடுக்க முடியாதிருந்தது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். பொருந்தாத பிரிவைப் போட்டாலே போதும், தீர்ப்புக்கு முன்பே மறியல் தண்டனை முடிந்துவிடும்.

ரம்சி ராசிக்குக்கு நேர்ந்தது அதுதான். ஓய்வுபெற்ற அரச அலுவலர். 2020 ஏப்ரலில், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்தால் போராட வேண்டும் என்று முகநூலில் எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்துப் பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடும் விதித்தது. நியாயம் கிடைத்தது, மூன்றரை வருடம் பிந்தி.

இத்தனைக்கும் சட்டம் புதிதல்ல. 1994இலேயே சன்ன பீரிஸ் வழக்கில் நீதியரசர் அமரசிங்க தெளிவாகச் சொல்லிவிட்டார்: மேலோட்டமான சந்தேகம் போதாது, சந்தேகத்துக்கு அடிப்படையான விவரங்கள் கைது செய்யும் வேளையிலேயே இருக்க வேண்டும்.

சரி, கைது பிழை என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தொடர்ந்து வீட்டைச் சோதித்து எடுத்த போனும் கடதாசியும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு மாப் வழக்கிலிருந்து, முறைகேடான சோதனையில் கிடைத்ததை மாநிலங்களின் குற்ற வழக்குகளிலும் பொதுவாகச் சாட்சியமாக ஏற்பதில்லை. நாம் பிடித்திருப்பது பழைய பிரித்தானிய வழி. கென்யாவில் குருமா என்பவர் சைக்கிளில் வரும்போது வீதித்தடையில் மறித்துச் சோதித்தார்கள். சோதித்தவர்களுக்கு அதற்குரிய பதவித்தரம் இல்லை. எடுத்ததாகச் சொன்னது இரண்டு ரவையும் ஒரு பேனாக்கத்தியும். கத்தியை நீதிமன்றத்தில் காட்டவே இல்லை. ஆனாலும் மரண தண்டனை. பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா என்பதே முக்கியம், எப்படி எடுத்தார்கள் என்பதல்ல என்று 1955இல் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சோதனைச்சாவடி பார்த்தே வளர்ந்த திருகோணமலைக்காரருக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டமோ தேடுதல் ஆணையையே தேவையற்றதாக்கி வைத்திருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி பொலிஸ் அத்தியட்சகரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகரோ ஆணையில்லாமலே வீட்டுக்குள் நுழையலாம். அந்த எழுத்து இருந்ததா என்று கேட்பதுதான் நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிடி. நட்டஈடு மட்டும் போதாது, முறைகெட்ட சோதனையில் எடுத்ததை ஒதுக்கவும் நம் நீதிமன்றங்கள் துணிய வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை பிழையான சோதனையால் பொலிஸுக்கு வழக்கில் நட்டம் எதுவுமில்லை.

ஆகவே ஆள் பிடிபட்டால் அழுகையோடு சேர்த்துச் சில காரியங்களையும் பாருங்கள். வந்தவரின் பெயர், பதவி, நேரம், சொன்ன காரணம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கைது செய்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவரின் உறவினருக்கு அதைக் கொடுக்கச் சொன்னது 2006ஆம் ஆண்டு ஜனாதிபதிப் பணிப்புரை. தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம்தான். கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிக்கவே அது ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதியை வாங்கி வையுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.