சாவி கொடுத்தால் ஓடும் வெள்ளி அம்பு

பொம்மை ஊர்கள் – 9

நியூரம்பெர்க் நகரத்துக்கு ஆண்டில் இரண்டு திருவிழாக் காலங்கள். ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் குளிரில் உலகத்தின் மிகப் பெரிய பொம்மை வணிகச் சந்தை அங்கே கூடுகிறது, 1950இல் தொடங்கியது. கோடை வந்ததும் ஊரின் தென்கிழக்கே நோரிஸ்ரிங் சாலைகளில் கார் பந்தயம். சந்தை வியாபாரிகளுக்கானது, பந்தயம் ஊர் மக்களுக்கானது. இரண்டுக்கும் நடுவில், பழைய நகரத்தின் கார்ல் தெருவில், ஒரு பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. பந்தயக் காலம் வந்தால் இதைப் போன்ற ஓர் இடம் என்னவெல்லாம் செய்யலாம், எதைச் செய்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

சென்ற வாரம் பிங் சகோதரர்களின் தொழிற்சாலையைப் பார்த்தோம். முதல் உலகப் போருக்கு முன் உலகிலேயே பெரிய பொம்மை நிறுவனமாக இருந்தது அது. அங்கே வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்களில் ஒருவர் ஹைன்ரிஷ் முல்லர். 1912இல் ஹைன்ரிஷ் ஷ்ரேயர் என்ற கூட்டாளியோடு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். அதுதான் பின்னாளில் ஷூகோ என்று உலகமெங்கும் அறியப்பட்டது. முதல் போர் முடிந்த கையோடு ஷ்ரேயர் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு அடால்ஃப் கான் என்ற யூத வணிகர் வந்தார். முல்லருக்குப் பட்டறை, கானுக்கு வியாபாரம். கானின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவரிடம் திரும்பி வருவோம்.

முல்லரின் தலை சாவி கொடுக்கும் பொம்மைகளுக்கென்றே படைக்கப்பட்டது. மேசை மேல் ஓடவிட்டால் விளிம்பு வரை போய், கீழே விழாமல் தானே திரும்பிவிடும் ஒரு காரை அவர் செய்தார். அடியில் குறுக்குவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் ஒளிந்திருக்கும். முன் பகுதி விளிம்பைத் தாண்டியதும் அந்தச் சக்கரம் பலகையைத் தொட்டு வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். மின்சாரமும் இல்லை, வேறு கருவியும் இல்லை. ஒரு ஸ்பிரிங்கும் சரியான இடத்தில் வைத்த ஒரு சக்கரமும் மட்டும்தான்.

1936இல் வந்த ‘ஸ்டூடியோ’ இதையெல்லாம் மிஞ்சியது. அந்த நாளில் ஐரோப்பியப் பந்தயத் தடங்களில் ஓடிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் டபிள்யூ 25 காரின் சிறு உருவம் அது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஓட்டம் என்னவோ மற்றச் சாவிக் கார்களின் ஓட்டம்தான். பெட்டிக்குள் கூட இருந்த சாமான்களில்தான் புதுமை. சின்ன ஜாக்கி, சின்ன ஸ்பேனர், சின்னச் சுத்தியல். ஜாக்கி வைத்துத் தூக்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி, ரப்பர் டயரை மாற்றி, மறுபடி மாட்டலாம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்கள் பல்சட்டம் வழியாக உண்மையாகவே திரும்பும்.

பின் அச்சில் டிஃபரன்ஷியல் இருந்தது. வளைவில் போகும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதோ ஒன்று தேய்ந்து வழுக்கும். பெரிய கார்களில் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பற்சக்கரக் கூட்டம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரப் பொம்மைக்குள் இருந்தது. விளம்பரத்துக்கு ஒரு வார்த்தையாக அல்ல, உண்மையிலேயே வேலை செய்யும் கருவியாக. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பொறியியல் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. பந்தயம் என்றால் வேகம் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். முல்லர் பிள்ளைகளிடம் கொடுத்தது பந்தயத்தின் மறுபாதியை: வண்டியை நிறுத்தி, பிரித்து, பழுது பார்த்து, திரும்ப ஓடவிடுவதை.

இனி, ‘வெள்ளி அம்பு’ என்று பெயர் பெற்ற அந்த மெர்சிடிஸ் பந்தயக் காரின் கதை. 1934 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பெரும் பரிசுப் பந்தயத்தில் ஓடும் கார் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், தண்ணீர், டயர் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. ஜெர்மன் கார்களுக்கு அப்போதைய பந்தய நிறம் வெள்ளை. 1934 ஜூன் 3 அன்று நூர்பர்க்ரிங் தடத்தில் நடக்கவிருந்த ஐஃபெல் பந்தயத்துக்கு முந்தைய நாள், மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூடுதலாக இருந்ததாம். அணித் தலைவர் ஆல்ஃபிரட் நாய்பாவர் இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டச் சொல்ல, அடியில் இருந்த அலுமினியம் பளபளத்ததாம். மறுநாள் மான்ஃபிரட் ஃபோன் பிராவ்கிச் அந்தக் காரில் வென்றார். வெற்றி உண்மை. சுரண்டிய கதையோ நாய்பாவர் பல ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்புகளில் சொன்னது. அன்றைய பந்தயம் 750 கிலோ விதிக்கு உட்பட்டதே அல்ல என்று வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். ஆனாலும் பந்தயக் கார் பொம்மை வைத்திருக்கும் எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் வழிகாட்டி முதலில் சொல்லும் கதை இதுவாகத்தான் இருக்கும். இனிக்கிற கதை என்பதற்காகப் பிள்ளைகளிடம் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை. ‘இப்படி ஒரு கதை உண்டு, ஏன் நம்ப முடியாது என்று கண்டுபிடியுங்கள்’ என்று சொன்னால் அதுவே ஒரு விளையாட்டாகிவிடும்.

அந்தக் கார்கள் ஓடியது யார் பணத்தில் என்பதையும் சொல்ல வேண்டும். மெர்சிடிஸுக்கும் அதன் போட்டியாளரான ஆட்டோ யூனியனுக்கும் நாஜி அரசு மானியம் கொடுத்தது. ஒவ்வொரு வெற்றியும் ஆட்சியின் பெருமையாகத் திரையிலும் பத்திரிகையிலும் முழங்கியது. அந்தப் பெருமை பொம்மைப் பெட்டிகள் வழியாகக் குழந்தைகளின் அறைக்குள்ளும் நுழைந்தது. அதே ஆட்சியில்தான், அந்தப் பொம்மையை ஊர் ஊராக விற்றுக்கொடுத்த அடால்ஃப் கான் தன் தொழிலை இழந்தார். யூதர் என்பதால் நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்டு, 1930களின் முடிவில் நாட்டை விட்டே போனார். போருக்குப் பின் அமெரிக்காவில் ஷூகோ பொம்மைகளை மீண்டும் விற்கத் தொடங்கியவர் அவருடைய மகன். அப்போதைய பொம்மைகளின் அடியில் ‘அமெரிக்க மண்டல ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்த முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பார்கள். அதன் பின்னால் இருக்கும் குடும்பத்தின் கதையைக் கேட்பவர்கள் குறைவு.

நோரிஸ்ரிங் தடத்துக்கு வருவோம். சுமார் 2.3 கிலோமீட்டர் சுற்று. நேராக ஒரு பாய்ச்சல், இறுக்கமான கொண்டை ஊசி வளைவு, மறுபடி பாய்ச்சல். இன்று ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடரின் கார்கள் சீறும் அந்தத் தடத்தின் முதன்மைப் பார்வையாளர் மாடம், ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பேர் வடிவமைத்த கல் மாடம். 1930களில் நாஜிக் கட்சியின் மாபெரும் அணிவகுப்புகள் நடந்த செப்பலின் மைதானத்தின் மாடம் அது. போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1947இல், அந்த மாடத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. குண்டுவீச்சில் பழைய நகரம் நொறுங்கிக் கிடந்த காலம். இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வந்து பந்தயம் பார்த்த மனிதர்களை நினைத்தால் அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இந்தத் தடத்தின் ஒரு வளைவுக்கு க்ரூண்டிக் பெயர். வானொலித் தொழிலதிபர் மாக்ஸ் க்ரூண்டிக். பக்கத்து ஊரான ஃபூர்த்தில் சிறு வானொலிக் கடை நடத்தியவர். போருக்குப் பின் வானொலிப் பெட்டி விற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. க்ரூண்டிக் 1946இல் ‘ஹைன்ஸல்மான்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வால்வு இல்லாத வானொலி உதிரிப் பாகங்கள், வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டியது. சட்டத்தின் கண்ணில் அது வானொலி இல்லை, பொம்மை! ஒரு பெரிய மின்னணு நிறுவனம் அந்தப் பொம்மைப் பெட்டியிலிருந்து வளர்ந்தது. பொம்மை ஊரின் பந்தயத் தடத்தில் இந்தப் பெயர் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

1971 இந்த ஊருக்கு மறக்க முடியாத ஆண்டு. தாய் தந்தையர் 1920களிலிருந்து சேர்த்த பொம்மைகளைக் காத்துவந்த லிடியா பாயரின் பொறுப்பில் கார்ல் தெரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது அந்த ஆண்டுதான். அதே 1971 ஜூலை 11 அன்று நோரிஸ்ரிங்கில் மெக்சிகோ வீரர் பெத்ரோ ரோத்ரிகெஸ் ஃபெராரி 512 எம் காரில் மோதி இறந்தார். வயது 31. அதற்கு மூன்று ஆண்டு முன்னர்தான் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். தம்பி ரிக்கார்தோ 1962இலேயே தடத்தில் உயிரை விட்டிருந்தார். பொம்மை மோதினால் எடுத்து நிமிர்த்தி வைக்கலாம். பந்தயக் காலத்தில் பிள்ளைகளோடு தலைக்கவசம், இடுப்புப் பட்டை, தடுப்புச் சுவர் பற்றியெல்லாம் பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது. பயமுறுத்தாமல் பேச முடியும்.

பந்தயக் காலத்தைப் பிள்ளைகளுக்கான பாடமாக்கிக் காட்டிய ஊர் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1911இல் தொடங்கிய 500 மைல் பந்தயம், 2016 மே மாதம் நூறாவது முறையாக ஓடியது. 33 கார்கள், 200 சுற்று. 1925இல் தொடங்கி இன்று உலகிலேயே பெரியதாக வளர்ந்திருக்கும் அந்த ஊர்க் குழந்தைகள் அருங்காட்சியகம், அதே ஆண்டு ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்துப் பந்தய அறிவியல் கண்காட்சி ஒன்றை உருவாக்கியது. பிள்ளைகள் பிட் ஸ்டாப் ஊழியர்களாகி வேலை செய்யலாம். சரிவை மாற்றி, தடத்தை மாற்றி எந்தக் கார் முந்துகிறது என்று சோதிக்கலாம். கண்ணாடிக்கு வெளியே கைகளுக்கு வேலை இருந்தது.

ஹாட் வீல்ஸ் கார்களுக்கு அங்கே நிற்க முழு உரிமை உண்டு. மாட்டெல் நிறுவனத்தின் எலியட் ஹேண்ட்லர் 1968இல் 16 மாடல்களோடு அவற்றைக் கொண்டுவந்தபோது, மெல்லிய கம்பி அச்சும் உராய்வு குறைந்த சக்கரமும் சேர்ந்து அதுவரை இருந்த எந்தச் சிறு காரையும் பின்னுக்குத் தள்ளின. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து டிராக் பந்தய வீரர்களான டாம் மெக்யூவனும் டான் புருடோமும் தங்கள் கார்களை ஹாட் வீல்ஸ் பெயரோடு ஓட்டினார்கள். பெட்ரோல், டயர், மோட்டார் நிறுவனங்களே செலவு செய்துவந்த களத்தில் ஒரு பொம்மைக் கம்பெனி பணம் போட்டது. 1936இல் பந்தயத்தைப் பார்த்துப் பொம்மை பிறந்தது. 1970இல் பொம்மை விற்ற காசில் பந்தயம் ஓடியது.

பழைய பொம்மைகளை வைத்திருக்கும் இடங்களுக்கு இப்படிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில் ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. எண்பது வயதைத் தாண்டிய ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுத்தால் அறுந்து உள்ளே இருக்கும் பற்சக்கரங்களைச் சிதைத்துவிடலாம். தகரத்தின் மேல் உள்ள வண்ணம் நகம் பட்டாலே உரியும். ரப்பர் டயர் இறுகிப் பொடியும். ஆகவே மூல ஸ்டூடியோவைக் கண்ணாடிக்குள்தான் வைக்க வேண்டும். ஆனால் அதையே காரணமாக்கி மொத்தக் கூடத்தையும் பூட்டிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ஷூகோ நிறுவனம் 1976இல் நொடித்துப்போனாலும், பெயர் கை மாறி இன்று ஃபூர்த்தின் சிம்பா டிக்கி குழுமத்திடம் இருக்கிறது. ஸ்டூடியோவின் மறுபதிப்புகள் அதே ஸ்பேனர், அதே சுத்தியலோடு கடைக்கு வந்திருக்கின்றன. பந்தய வாரத்தில் அவற்றில் பத்தை வாங்கி ஒரு நீள மேசை மேல் வைக்கட்டும். கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளை இங்கே சக்கரத்தைக் கழற்றும்போது அங்கே மூலக் காரின் சக்கரத்தைப் பார்க்கும். நோரிஸ்ரிங்கில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரை ஒரு மணி நேரம் அழைத்து, தன் வேலையை அந்தச் சின்ன ஜாக்கியோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லட்டும். பெரிய வகுப்பு மாணவர்களைக் கார்ல் தெருவிலிருந்து கல் மாடம் வரை அழைத்துப் போகட்டும். அங்கே அணிவகுப்பும் பேசப்படட்டும், பந்தயமும் பேசப்படட்டும். கண்ணாடிப் பெட்டியின் குறிப்பு அட்டையில் முல்லர் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்து அளவில், அடால்ஃப் கான் பெயர் இருக்க வேண்டும். அவர் எப்போது வந்தார், ஏன் போனார் என்ற இரண்டு வரியும்.

சாவிக் கார்களின் காலத்தை மின்சாரம் வந்து முடித்தது. 1957 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹாரோகேட் பொம்மைச் சந்தையில் ஃப்ரெட் பிரான்சிஸ் என்பவர், தான் அதுவரை சாவி கொடுத்து ஓட்டிய கார்களுக்குள் மோட்டாரை வைத்து, ரப்பர் தடத்தின் பிளவுகளில் இறக்கிவிட்டார். அந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)