கையை நீட்டினால் மழை பெய்யும் மணல் பெட்டி

நீர்வடிப்பகுதித் திட்டம் வந்த ஊர்களில், சம உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். வளைந்து நெளிந்து போகும் அந்தக் கோடுகளில் எது மேடு, எது பள்ளம் என்று பிடிபடுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம். பிறகு வரப்பு தப்பான இடத்தில் விழுந்தால், அடுத்த மழைக்கு மேல்மண்ணோடு அடித்துக்கொண்டு போவது நம் எருவும்தான்.

இதே கோடுகளை மணலில் விழவைக்கும் ஒரு பெட்டியை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் கிரைலோஸ் என்பவர் உருவாக்கினார். ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலத்தில் மணல் பெட்டி. அதற்கு மேலே, வீடியோ விளையாட்டுக்காக விற்பனைக்கு வந்த ‘கினெக்ட்’ கேமராவும் ஒரு புரொஜெக்டரும் இருக்கும். கேமரா மணலின் உயரத்தை அளந்துகொண்டே இருக்க, கம்ப்யூட்டர் அதைக் கோடுகளாகவும் நிறங்களாகவும் மாற்றி மணல்மீதே ஒளியாகப் பாய்ச்சுகிறது. மணலைக் குவித்தால் கோடுகள் நெருங்குகின்றன, பரப்பினால் விலகுகின்றன. கோடு நெருங்கினால் சரிவு கடுமை என்பதைக் கை தானாகவே தெரிந்துகொள்கிறது.

இன்னும் சுவாரஸ்யம், மழை. விரித்த கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினால், அதற்குக் கீழே நீலநிறத் தண்ணீர் ஒளியாக விழுந்து சரிவில் ஓடும். குறுக்கே விரல் தடிமனில் வரப்பு வைத்தால் தேங்கும். ஓரிடத்தில் தாழ்வாக விட்டால், அந்த வழியாகத் தாண்டும். கலிங்கல் ஏன் வேண்டும் என்று விளக்க இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

மென்பொருள் இலவசம். நம் வேளாண் கல்லூரிகள் முனைந்தால் செய்துவிடலாம். ஆனால், பெட்டிக்கு உயரம் மட்டும்தான் தெரியும். உங்கள் நிலம் செம்மண்ணா, களிமண்ணா, எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதெல்லாம் தெரியாது.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் கரம்பையைக் குழைத்து அதே வடிவில் செய்யுங்கள். மணல் என்றால் தண்ணீரைக் குடித்துவிடும். 100 மீட்டர் நீளத்தில் 1 மீட்டர் சரிவு இருந்தால், 1 மீட்டர் நீள மாதிரியில் அது வெறும் 1 சென்டிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. அதனால், உயரத்தை மட்டும் 5 மடங்காக்கி 5 சென்டிமீட்டர் வையுங்கள். பிறகு பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள்.

தேங்கும் இடத்தைக் காட்டி, போன ஐப்பசி மழையில் அங்கேதான் தண்ணீர் நின்றதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இல்லை என்றால் மட்டத்தை மறுபடி எடுங்கள். அதுவரை ஜே.சி.பி-யை வரச் சொல்ல வேண்டாம்.